வாடல் நோயும் வம்ச பலமும்

பொன்னமராவதிப் பக்கத்தில் கிணற்று நீரை நம்பிக் கத்தரி பயிரிடும் குடியானவர் ஒருவர், மண்ணில் ஈரமிருந்தும், இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே செடி துவண்டு சாய்வதைக் கண்டால், பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிப்பது நியாயமே. பூஞ்சாணத்தாலும் செடி வாடக்கூடுமாதலால், நிச்சயம் செய்துகொள்ள எளிய பரீட்சை ஒன்றுண்டு: அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் அமிழும்படி பிடித்தால், சில நிமிஷங்களில் வெண்ணிற இழையொன்று கீழ்நோக்கி வழியும், அவ்விழை முழுவதும் கிருமிகளே.

1896-இல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் வர்ணித்த இக்கிருமிக்கு இன்று ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்று பெயர். மண்ணில் நெடுங்காலம் பிழைத்திருந்து, வேரின் காயங்கள் வழியே நுழைந்து, நீர் ஏறும் நாளங்களில் பல்கிப் பெருகி, தான் சுரக்கும் பிசினால் அவற்றை, தூர் மண்டிய மதகைப்போல, அடைத்துவிடுகிறது. இலைமேல் தெளிக்கும் மருந்து அங்கே எட்டாதாகையால், பரிகாரத்தைச் செடியின் வம்சத்திலேயே தேட வேண்டியதாயிற்று.

வற்றலுக்குக் காய் தரும் சுண்டையின் வேர் இந்நோயைப் பெரும்பாலும் தாங்குவதால், அதன்மீது கத்தரியை ஒட்டுக்கட்டும் முறை வழக்கிலுள்ளது. எனினும் ஒட்டுச்செடியின் கத்தரி விதையில் சுண்டையின் குணம் இறங்குவதில்லை. நடவுதோறும் புதிதாக ஒட்டவேண்டும். குணம் விதையோடு வரவேண்டுமானால், எதிர்ப்புள்ள கத்தரி இனங்களைத் தேர்ந்து, வேண்டிய இடத்துக் கலப்புச் செய்து, சந்ததிகளை நோய் மண்டிய நிலத்திலேயே நட்டு, பிழைத்தவற்றிலிருந்து விதையெடுக்க வேண்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா ஆகியனவும், பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா நிதி, அர்கா கேசவ் ஆகியனவும் வாடலைத் தாங்கும் கத்தரி ரகங்கள். தக்காளியில் அதே நிலையம் 2010-இல் வெளியிட்ட அர்கா ரக்ஷக், வாடலோடு இலைச்சுருள் நோயையும் இலைக்கருகலையும் எதிர்ப்பது.

தக்காளி ஆராய்ச்சியில் பிரசித்தமான ஹவாய் 7996 என்னும் இனத்தில், இவ்வெதிர்ப்புச் சக்தி ஒரே ஜீனில் இல்லாமல், முக்கியமாக 6-ஆவது, 12-ஆவது குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கிறது. இத்தகைய எதிர்ப்போடு சிறு காயாகும் குணமும் சேர்ந்தே வந்துவிடுவது ஆராய்ச்சியாளருக்கு நெடுநாளைய சிரமம். அவ்விரண்டையும் பிரிக்கப் பல தலைமுறைக் கலப்பு தேவைப்படினும், ஜீனின் அருகிலுள்ள அடையாளங்களை நாற்றின் இலைத்துணுக்கிலேயே சோதிக்க இன்று இயலுவதால், பயனற்ற நாற்றுகளை நடவுக்கு முன்பே கழித்துவிடலாம்.

ஆயினும், கிருமியின் வகை இடத்துக்கிடம் மாறுவதாலும், வெப்பம் ஏறினால் சில செடிகளின் எதிர்ப்புத் தளர்வதாலும், ஓரிடத்தில் வாடாத ரகம் வேறோரிடத்தில் வாடலாம். ஆகவே ஆராய்ச்சி நிலையத்தின் முடிவை வேதவாக்காகக் கொள்ளாது, புது ரகத்தைத் தம் மண்ணில் சில வரிசைகள் மட்டும் முதலில் நட்டுப் பார்க்கும் விவசாயி, அவ்வாராய்ச்சியின் கடைசிக் கட்டத்தைத் தாமே நிறைவேற்றியவராகிறார்.