மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா?

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மருந்துச் சீட்டில் மாத்திரைகளைத்தான் பார்க்கிறோம். கொஞ்சம் மேலே பாருங்கள். மருத்துவரின் பெயர், பட்டத்தோடு பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கிளினிக்கில் கண்ணில் படும்படியும், பணம் கட்டிய ரசீதிலும்கூட அது இருக்க வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகள். 2023-இல் புதிய விதிமுறைகள் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதால் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. பழையவையே நடைமுறையில் இருக்கின்றன.

அந்த எண் லேசில் கிடைப்பதல்ல. நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, அதன்பின் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே தனித் தேர்வு எழுதித் தேறவேண்டும். 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் நாடு முழுமைக்குமான பதிவேட்டைப் பராமரிக்கிறது. கவுன்சில், ஆணையம் இரண்டின் இணையதளங்களிலும் யாரும் தேடிப் பார்க்கலாம். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்; பெயரும் பட்டமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இன்னொருவரின் எண்ணைப் போட்டுக்கொள்பவரும் உண்டு.

பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் போலிகளைத் தேடி மக்கள் போகிறார்கள். காரணம், ‘கைராசி’. ஒரே ஊசியில் மூட்டுவலி பறந்துவிடுகிறது, காய்ச்சல் இறங்கிவிடுகிறது. அது பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. உள்ளே இருக்கும் தொற்றை அது மறைக்கும். சர்க்கரை நோயாளிக்கு அளவை எகிற வைக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன ஊசி போட்டார்கள் என்று சொல்ல ஒரு சீட்டும் இருக்காது. சந்தேகம் வந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

பதிவு பெற்ற மருத்துவரின் அறிவு புதுப்பிக்கப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கிறது விதி. வருஷத்துக்கு ஆறு மணி நேரம்! பிரிட்டனில் 2012 முதல் மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியை மறு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் மதிப்பீடு, அதில் நோயாளிகளின் கருத்துக்கும் இடம். இங்கே கருத்தரங்கில் உட்கார்ந்த மணிக்கணக்கு போதும். நோயாளி என்ன சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இது மாற வேண்டும்.

சிகிச்சையில் தவறு நடந்ததாக நினைத்தால் முதலில் ஆவணங்களைக் கையில் வாங்குங்கள். “டிஸ்சார்ஜ் சம்மரி தருவோம், கேஸ் ஷீட் தரமாட்டோம்” என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்ப வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டுதான் வைத்திருக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு, அந்த மருத்துவர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். இழப்பீடு வாங்கித் தராது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு இது பொருந்தாது.

ஓர் அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கவுன்சிலின் முடிவு பிடிக்காத மருத்துவர் தேசிய ஆணையத்தின் ஒழுக்க வாரியத்தில் மேல்முறையீடு செய்ய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. புகார் கொடுத்த நோயாளிக்கு அதே பிரிவில் அந்த உரிமை எழுதப்படவில்லை. அவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட வேண்டியிருக்கலாம், அதுவும் வக்கீல் வைக்க வசதி இருந்தால். அந்தப் பிரிவில் நோயாளியையும் சேர்க்கும்படி உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள், சட்டத்தைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம்தான்.