ஜம்போ என்னும் நீர்க்கோபுரம்

இங்கிலாந்தின் கீழ்த்திசையில், எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள கோல்செஸ்டர் உரோமர் காலத்துப் பழைமை வாய்ந்த ஊராகும். எனினும் மாநகரமென்னும் பட்டத்தை அது எய்தியது 2022ஆம் ஆண்டிலேதான். ஆங்கே, உரோமர் எடுத்த பால்கர்ன் வாயிலுக்கு அணித்தாக, 131 அடி உயரமுள்ள செங்கற்கோபுரமொன்று நான்கு பெருந்தூண்களின்மேல் நீர்த்தொட்டியொன்றைத் தாங்கி நிற்கின்றது. அவ்வூரை நாடி வருவோர் கண்ணிற்குச் சேய்மையிலேயே புலப்படுவது இதுவே.

தொட்டியை இத்துணை உயரத்தில் ஏற்றுவானேன் எனின், கூறுதும். நீர் தன் மட்டத்துக்கு மேல் தானாக ஏறாது; ஆயின் அம்மட்டம் வரையில் குழாயினுள் ஏறவல்லது. ஏறத்தாழ 34 அடி உயரமுள்ள நீர் தன் அடியில் தரும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தை ஒக்கும். ஆதலின் இயந்திரம் நீரை ஒருமுறை மேலேற்றிவிட்டு ஓய்ந்திருப்பினும், நீர் தன் பாரத்தினாலேயே தெருக்குழாய்களிற் பாய்ந்து மாடிகளிலும் ஏறும். இக்கோபுரத்தொட்டி 2,30,000 காலன் கொள்வது. அந்நீரின் நிறை மட்டும் 1,000 டன்னுக்கு மேற்படும். அதனைத் தாங்கவே ஏறக்குறைய 12 இலட்சம் செங்கற்கள் வேண்டியிருந்தன. வரைந்தவர் நகரப் பொறியாளர் சார்லஸ் கிளெக். வேலை முற்றுப்பெற்றது 1883இல்.

பெயர் வந்த கதை சுவையுடையது. இலண்டன் விலங்குச்சாலையில் ஜம்போ என்றொரு ஆப்பிரிக்க யானை சிறுவர்க்கெல்லாம் செல்லமாயிருந்தது. 1882இல் அதனை அமெரிக்கக் காட்சிக்காரராகிய பார்னம் என்பவருக்கு விற்றுவிட, நாடெங்கும் பெருங்கூக்குரல் எழுந்தது. அவ்வாரவாரம் அடங்குமுன்னே, கோல்செஸ்டரில் புனித மரியாள் ஆலயத்துப் போதகராயிருந்த ஜான் இர்வின், தம் இல்லத்தருகே எழுந்து அதனைக் குள்ளமாக்கிய இக்கோபுரத்தைச் சினந்து, ஜம்போ என எள்ளினார். ஊராரோ அவ்வசைப்பெயரையே உவந்து ஏற்றுக்கொண்டனர். யானை 1885இல் கனடாவில் இரயில் மோதி மாண்டது. பெயர் கோபுரத்தில் நிலைத்தது.

1980ஆம் ஆண்டுகளில் நீர் வழங்கும் பணி ஒழிந்தது. கட்டடமும் தனியார் கைக்கு மாறிற்று. குடியிருப்பாக்குவோம் என்றும், உணவுச்சாலையாக்குவோம் என்றும் சிலர் முயன்றனர். தூண்களின் இடைவெளியை அடைத்துவிடின் கோபுரத்தின் உருவே கெடும் என ஊரார் பலர் எதிர்த்தனர். அவர் கூற்றே எமக்கும் உடன்பாடு. கால்களுக்கிடையே வானம் தெரியும் வரையில்தானே அது யானை?