பவளப்பாறை மீன்தொட்டி: ஆண்டுகள் செல்லச் செல்ல மாறும் சவால்கள்

பெங்களூரு: வீட்டில் அமைக்கப்படும் பவளப்பாறை மீன்தொட்டி நிலைபெறப் பல மாதங்கள் ஆகும். அதன் பின்னரும் அது மாறிக்கொண்டே இருக்கும்.

கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள பெங்களூருவில், சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே தொட்டி நிரப்பப்படுகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் நகரம் அமைந்திருப்பதால், சென்னையைப் போல் நீரைக் குளிர்விக்க அதிகம் செலவிட வேண்டியதில்லை.

கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியா, மீன்களுக்கு நஞ்சாகும். அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் தேவை. அடுத்து பழுப்புப் படலமும் பச்சைப் பாசியும் தோன்றும். இதைக் கண்டு தொட்டியைக் கலைத்துவிடுவோர் உண்டு; அது அவசர முடிவு. பாறைகளில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்வதே தொட்டி நிலைபெற்றதன் அடையாளம்.

ஆண்டுகள் கடந்தால் சிக்கல் வேறு. வளர்ந்த பவளங்கள் கால்சியத்தை வேகமாக உறிஞ்சுவதால், தொடக்கத்தில் வாராந்திர நீர்மாற்றத்தால் சரியான குறைபாட்டை நாள்தோறும் ஈடுசெய்ய நேரிடும். உயர்ந்த கிளைகள் கீழுள்ளவற்றுக்கு ஒளியை மறைக்கும். நெருங்கி வளரும் இனங்கள் கொட்டும் இழைகளால் ஒன்றையொன்று தாக்கும். மணலில் பாஸ்பேட்டும் கழிவும் சேர்ந்து, பழைய தொட்டி திடீரென நலிவடைவதும் உண்டு. அப்போது மணல் முழுவதையும் ஒரே நாளில் கிளறினால் மீன்கள் மடியக்கூடும்.

பவளம் வாங்குவோர் சட்டத்தையும் அறிய வேண்டும். பாறைகளை உருவாக்கும் பவளங்கள், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடா போன்ற இந்தியக் கடற்பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்ட பவளத்தை விற்பது மட்டுமின்றி, வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும்.