காளவாய்க் கணக்கு

சுட்ட சுண்ணாம்புக் கட்டிமேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி வெடித்து, ஆவி கிளம்பி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். கீழே அடுப்பு கிடையாது. ஊற்றியதும் பச்சைத் தண்ணீர்தான். அப்படியானால் இந்தச் சூடு ஏது? காளவாயில் எரிந்த நெருப்பில் ஒரு பங்குதான் இது.

கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. காளவாயில் கரியோடு அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், 100 கிராம் கல்லிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அந்த வாயுவைப் பிரித்தெடுக்க 178 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைத் தருவது கரி. 12 கிராம் கரி முழுதாக எரிந்தால் 394 கிலோஜூல் கிடைக்கும். ஆக, ஒரே காளவாயில் கரி எரிவது வெப்ப உமிழ்வினை, கல் சுடுபடுவது வெப்பக்கொள் வினை.

மாறாத அழுத்தத்தில் ஒரு வினை வாங்கும் அல்லது விடும் வெப்பமே அதன் என்தால்பி மாற்றம். வாங்கினால் கூட்டல் குறி, விட்டால் கழித்தல் குறி. கல்லைச் சுடுவதற்கு +178.

இனி நீற்றுவதைப் பார்ப்போம். அந்த 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரோடு கூடும்போது உண்டாகும் புதிய பிணைப்புகள் 65 கிலோஜூல் வெப்பத்தை விடுகின்றன: −65. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும்.

மீதி 113 எங்கே? சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. இதுவும் வெப்ப உமிழ்வினையே: −113. நாள்பட மெல்ல நடப்பதால் சுவரைத் தொட்டாலும் சூடு தெரியாது.

கல் கல்லாகவே திரும்பிவிட்டது. 178−65−113, மொத்தம் பூஜ்யம். எத்தனை படிகளில் போனாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்பக் கணக்கு மாறாது. இந்த விதியை 1840-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஜெர்மைன் ஹெஸ் வெளியிட்டார்.

வீட்டில் சுண்ணாம்பு நீற்றுகிறவர்கள் முதலில் தண்ணீரை வைத்துக்கொண்டு அதில் கட்டிகளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கண்ணாடி அணியுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.