மரமும் குகையும் சொல்லும் பழைய மழைக் கணக்கு

மழை எவ்வளவு பெய்தது என்பதைக் கருவி வைத்து அளந்து தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் வழக்கம் மிகப் பழையதன்று. சென்னையில்கூட 1813 ஆம் ஆண்டிலிருந்துதான் மழைக் கணக்கு உள்ளது. அதற்கு முன் நேர்ந்த வறட்சிகளை எப்படி அறிவது? மரங்களும் சுண்ணாம்புக் குகைகளும் அந்தக் கணக்கை எழுதி வைத்துள்ளன.

மர வளையங்கள்

தேக்கு மரத்தை அறுக்கும்போது குறுக்கு வெட்டில் வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். கோடையில் இலை உதிர்த்து வளர்ச்சி நின்று, மழை வந்ததும் மீண்டும் வளர்வதால் ஆண்டுக்கு ஒரு வளையம் உண்டாகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் அமையும்.

இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. துளைக்கருவியால் பென்சில் பருமனுள்ள துண்டை எடுத்தாலே போதும். நிழலாலும் பூச்சியாலும்கூட வளையம் குறுகும். ஆகவே பல மரங்களை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் ஒரே ஆண்டில் வளையம் குறுகியிருந்தால்தான் அது வறட்சி எனக் கொள்ளப்படும்.

குகைத் தூண்கள்

சுண்ணாம்புக் குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர், தரையில் சுண்ணாம்பைப் படியவிட்டுச் சிறு தூணாக வளர்கிறது. மழைநீரில் எடை கூடிய ஆக்சிஜனும் எடை குறைந்த ஆக்சிஜனும் கலந்திருக்கும். பருவமழை வலுக்கும்போது எடை கூடிய ஆக்சிஜனின் விகிதம் குறையும். இந்த வேறுபாடு தூணின் ஒவ்வொரு படிவிலும் பதிந்துவிடுகிறது. படிவிலுள்ள யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியுள்ளது என்று அளந்து அதன் வயதைக் கணிக்கின்றனர்.

சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் பகுதியிலுள்ள தண்டக் குகையில் இவ்வாறு கி.பி. 600 முதல் 1500 வரையுள்ள தென்மேற்குப் பருவமழையின் போக்கு கணிக்கப்பட்டது. 14 ஆம் நூற்றாண்டில் பருவமழை பலமுறை நலிந்தது தெரிய வந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் தக்காணத்தில் தொடங்கிய கடும் பஞ்சம் 'துர்க்காதேவி பஞ்சம்' என வரலாற்றில் பெயர் பெற்றது.

அங்கோர் தரும் பாடம்

இதே காலத்தில் கம்போடியாவின் தலைநகரான அங்கோரும் துன்புற்றது. நெல் விளைச்சலை நம்பி வாழ்ந்த அந்நகரில் பெரும் ஏரிகளும் கால்வாய்களும் இருந்தன. 11 ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட மேற்கு ஏரியின் நீளம் சுமார் 8 கிலோமீட்டர். அகலம் சுமார் 2 கிலோமீட்டர்.

தெற்கு வியட்நாமின் மலைகளிலுள்ள, சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த 'போ மு' மரங்களின் வளையங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 750 ஆண்டுகளின் மழைப் போக்கை 2010 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். 14 ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் நீடித்த வறட்சியும், 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுகிய கால ஆனால் கடுமையான வறட்சியும் அதில் தெரிந்தன.

அந்த வறட்சிகளுக்கு இடையே பேய்மழையும் பெய்துள்ளது. வெள்ளம் அடித்து வந்த மணலால் கால்வாய் தூர்ந்து போனதற்கான தடயம் அங்கே கிடைத்துள்ளது. போர்களும் பிற காரணங்களும் அங்கோரின் வீழ்ச்சிக்கு உண்டு என்றாலும், வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்ததை அதன் பாசன அமைப்பு தாங்கவில்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

இவை யாவும் தென்மேற்குப் பருவமழை பற்றிய கணக்குகள். குடகு மலையில் பெய்து மேட்டூர் அணையை நிரப்புவதும் அந்த மழையே. ஆகவே காவிரிப் பாசன விவசாயிகளுக்கும் இதில் பாடம் உண்டு.

* வறட்சி ஓரிரு ஆண்டில் தீரும் என்று உறுதியாக நம்ப இயலாது. கேழ்வரகு, குதிரைவாலி போன்ற குறைந்த நீரில் விளையும் பயிர்களின் விதையைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

* ஏரி வறண்ட ஆண்டே தூர் வார ஏற்ற ஆண்டு. வரத்து வாய்க்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றை அப்போதே பழுது பார்த்துவிட வேண்டும். வறட்சியை அடுத்து வரும் பெருமழையில் கரை உடைந்தால், காத்திருந்த நீரும் கடலுக்குப் போகும்; வயலும் மணல் மேடாகும்.