ஒருநாள் குடியரசு!

ஒரு குடியரசு பிறந்தது; மறுநாளே மறைந்தது! நோய் கண்டு மறையவில்லை. போரிலே தோற்று மறையவில்லை. பெற்றெடுத்த கைகளே அதனைத் தூக்கிச் சென்று அண்டை வீட்டுக்காரனின் மடியிலே வைத்துவிட்டன!

கருங்கடலின் வடபுறத்திலே உள்ள கிரிமியா தீபகற்பத்தின் கதை இது. 2014 மார்ச் 17-ஆம் நாள், உக்ரேனிலிருந்து பிரிந்துவிட்ட தனிக் குடியரசு என்று கிரிமியா தன்னை அறிவித்துக்கொண்டது. அன்றே ருஷ்ய அதிபர் புடின் அதனை அங்கீகரித்தார். மறுநாள், மார்ச் 18, கிரெம்ளின் மாளிகையிலே கையெழுத்துகள் விழுந்தன. கிரிமியா ருஷ்யாவின் ஒரு பகுதி என்று முடிந்தது. விடுதலை என்ற சொல்லுக்கு அங்கே கிடைத்த ஆயுள், ஒரே ஒரு நாள்!

"மக்கள் விரும்பினார்கள், பிரிந்தார்கள், மக்கள் விரும்பினார்கள், சேர்ந்தார்கள். இது தன்னுரிமை அல்லவா?" என்று மாஸ்கோ கேட்டது. நல்ல கேள்வி. ஒரு மக்கள் கூட்டம் தன் தலைவிதியைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை உயர்ந்த உரிமை. அதனை மறுப்பவன் ஆதிக்கக்காரன். ஆனால் அந்த உயர்ந்த உரிமையின் பெயரைச் சொல்லி அண்டை நாட்டான் வந்து அள்ளிக்கொண்டு போனால், அதற்கும் தன்னுரிமை என்றா பெயர்? நடந்ததை நாள் வரிசையிலே பார்ப்போம்.

முகமூடியும் வாக்குச்சீட்டும்

உக்ரேனின் தலைநகர் கீவிலே 2013 நவம்பரில் மக்கள் கிளர்ச்சி மூண்டது. 2014 பிப்ரவரி 22-இல், தலைநகரை விட்டு ஓடிவிட்ட அதிபர் யானுகோவிச்சைப் பார்லிமெண்டு பதவியிலிருந்து நீக்கியது. ஐந்து நாட்கள் கழித்து, பிப்ரவரி 27-ஆம் நாள் விடியற்காலை, கிரிமியாவின் தலைநகர் சிம்ஃபெரோபோலிலே சட்டமன்றக் கட்டிடத்துக்குள் துப்பாக்கி ஏந்தியோர் புகுந்தனர். பச்சை உடை உண்டு; எந்த நாட்டுப் படை என்று காட்டும் சின்னம் இல்லை. முகம் உண்டு, முகத்தை மூடிய துணியும் உண்டு!

அந்தத் துப்பாக்கிகளுக்கு நடுவே சட்டமன்றம் கூடியது. அக்சியோனவ் என்பவரைப் பிரதமராக்கியது. யார் அவர்? 2010-ஆம் ஆண்டுத் தேர்தலில் 100 இடங்கள் கொண்ட மன்றத்திலே 3 இடங்களைப் பெற்ற சிறு கட்சியின் தலைவர்! நூற்றுக்கு மூன்று பெற்றவர் ஒரே நாளிலே நாட்டுக்குத் தலைவரானார் என்றால், அவரை உயர்த்தியது வாக்குச்சீட்டா, துப்பாக்கியா?

வாக்கெடுப்பு மே 25 என்றார்கள். பிறகு மார்ச் 30 என்றார்கள். பிறகு மார்ச் 16 என்றார்கள். அதற்கும் முன்னதாக மார்ச் 6-ஆம் நாளே, ருஷ்யாவில் சேருவது என்று சட்டமன்றம் முடிவு செய்துவிட்டது. தாலியைக் கட்டிவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதை!

வாக்குச்சீட்டிலே இருந்த கேள்விகள் இரண்டே இரண்டு. ருஷ்யாவுடன் சேர்வதா? அல்லது 1992-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை மீண்டும் கொண்டுவந்து, உக்ரேனின் பகுதியாகவே இருப்பதா? இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று எண்ணியவன் குறியிட அங்கே இடமே இல்லை! 83 சதவிகிதம் பேர் வாக்களித்தனர், அவர்களிலே 96.77 சதவிகிதம் பேர் ருஷ்யா என்றனர் என்று அறிவித்தார்கள்.

"ருஷ்யப் படையா? அவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர்" என்று மார்ச் முதல் வாரத்திலே சொன்னார் புடின். ஏப்ரல் 17-இல் தொலைக்காட்சியில் தோன்றி, அந்தத் தற்காப்புப் படைக்குப் பின்னால் நின்றது ருஷ்யப் படைவீரர்களே என்று ஒப்புக்கொண்டார். வாக்கெடுப்பு முடிந்து, இணைப்பும் முடிந்த பிறகு வந்த ஒப்புதல் அது!

மூன்று கணக்குகள்

இந்த வித்தை புதியதா? இல்லை. 1774-ஆம் ஆண்டு ருஷ்யப் பேரரசி காதரின், துருக்கிய சுல்தானைப் போரிலே வென்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். கிரிமியா அதுவரை சுல்தானின் மேலாட்சியை ஏற்றிருந்த நாடு. தாத்தார் இனத்தைச் சேர்ந்த கான்கள் அதனை ஆண்டனர். உடன்படிக்கை என்ன சொன்னது? கிரிமியா இனி சுதந்திர நாடு என்றது! ருஷ்யாவின் ஆதரவோடு ஷாஹின் கிரே என்பவர் கான் ஆக்கப்பட்டார். 1783-இல் காதரின் கிரிமியாவைத் தம் பேரரசுடன் இணைத்துக்கொண்டார். முதலில் விடுதலை, பிறகு விழுங்கல். இடையிலே ஒன்பது ஆண்டு.

"ருஷ்யன் அப்படித்தான்" என்று வாஷிங்டன் கனவான்கள் தலையாட்ட வேண்டாம். அவர்கள் வீட்டுக் கணக்கும் உண்டு. டெக்சாஸ் மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்த நிலம். குடியேறி உழுது பயிரிட வாருங்கள் என்று அமெரிக்கரை மெக்சிகோ வரவேற்றது. வந்தார்கள், அடிமைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1829-இல் மெக்சிகோ அடிமை முறையை ஒழித்தது. டெக்சாசுக்கு மட்டும் அதிலே விலக்குக் கிடைத்தும் குடியேறியோரின் கசப்பு தீரவில்லை. 1836 மார்ச் 2-இல், "நாங்கள் தனி நாடு" என்றார்கள். 1845 டிசம்பரில் டெக்சாஸ் அமெரிக்காவுடன் சேர்ந்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்களே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இங்கேயும் ஒன்பது ஆண்டு! அதோடு பசி அடங்கியதா? 1846-இல் போர், 1848-இல் போர் முடிந்தபோது மெக்சிகோவின் நிலப்பரப்பிலே ஏறத்தாழப் பாதி அமெரிக்காவின் கையிலே!

காதரினுக்கு ஒன்பது ஆண்டு தேவைப்பட்டது. அமெரிக்காவுக்கு ஒன்பது ஆண்டு தேவைப்பட்டது. புடினுக்கு ஒரே நாள் போதுமானதாக இருந்தது. வேறுபாடு வேகத்திலே மட்டும்தான்.

கீவின் குற்றமும் மாஸ்கோவின் வாக்குறுதியும்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிரிமிய மக்களிலே ருஷ்யர் 58 சதவிகிதம், உக்ரேனியர் 24 சதவிகிதம், தாத்தார்கள் 12 சதவிகிதம். ருஷ்ய மொழி பேசும் பெரும்பான்மையினர் பலருக்கு மாஸ்கோவின்பால் பற்று இருந்தது உண்மை. 2014 பிப்ரவரி 23-ஆம் நாள், ருஷ்யன் முதலிய மொழிகளுக்கு வட்டாரங்களிலே இடமளித்த சட்டத்தை ரத்துச் செய்யக் கீவ் பார்லிமெண்டு வாக்களித்தது. தாற்காலிக அதிபர் அதிலே கையெழுத்திடவில்லை. ரத்து நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் நெருப்பு விழுந்துவிட்டது! ஒருவனுடைய தாய்மொழியிலே கை வைத்தால் அவன் நெஞ்சிலே கை வைத்ததாகும். ஆட்சியைப் பிடித்த மறுநாளே அந்த வேலையைச் செய்தவர்களை அறிவாளிகள் என்று யார் சொல்ல முடியும்?

"1954-இல் குருஷ்சேவ் காலத்திலே தானே கிரிமியா உக்ரேனுக்குக் கொடுக்கப்பட்டது? மக்களைக் கேட்டார்களா?" என்றும் வினவுகிறார்கள். கேட்கவில்லைதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நடந்த காரியம்தான் அது. ஆனால் 1991 டிசம்பர் 1-இல் மக்கள் கேட்கப்பட்டார்கள். உக்ரேன் விடுதலை பெறலாமா என்ற வாக்கெடுப்பிலே, கிரிமியாவிலும் 54 சதவிகிதத்தினர் 'ஆம்' என்றனர். ருஷ்யக் கடற்படையின் கோட்டை எனப்படும் செவஸ்தபோல் நகரமே 57 சதவிகிதம் 'ஆம்' என்றது!

மாஸ்கோ மட்டும் கையெழுத்திடவில்லையா? 1994 டிசம்பர் 5-இல் புடாபெஸ்டு நகரிலே, உக்ரேன் தன்னிடமிருந்த அணுகுண்டுகளைக் கைவிட இசைந்தது. உலகத்திலே மூன்றாவது பெரிய அணுகுண்டுக் குவியல் அது. அதற்கு ஈடாக, உன் எல்லைகளை மதிப்போம் என்று எழுதிக் கொடுத்தவை ருஷ்யாவும், அமெரிக்காவும், பிரிட்டனும்! குண்டைக் கொடுத்தவன் காகிதத்தைப் பெற்றான். காகிதம் காற்றிலே பறந்தது.

கேட்கப்படாத மக்கள்

இந்த வழக்கிலே கட்சிக்காரர் இருவர் என்று உலகம் எண்ணுகிறது. மூன்றாமவர் உண்டு. கிரிமியா எவர் பெயரால் நாடாக இருந்ததோ, அந்தத் தாத்தார் மக்கள்!

1944 மே 18-ஆம் நாள் ஸ்டாலினின் ஆணைப்படி அவர்கள் வீடுகளின் கதவுகள் தட்டப்பட்டன. மூன்றே நாட்களில், ஏறத்தாழ 1,90,000 பேர், ஓர் இனம் முழுவதும், சரக்கு ரயில் பெட்டிகளிலே ஏற்றப்பட்டுப் பெரும்பாலோர் உஸ்பெகிஸ்தானுக்குக் கடத்தப்பட்டனர். ஜெர்மானியருக்கு உளவு சொன்னார்கள் என்று குற்றச்சாட்டு. கைக்குழந்தையா உளவு சொன்னது? கண் தெரியாத கிழவியா காட்டிக் கொடுத்தாள்? பசியாலும் நோயாலும் பல்லாயிரவர் மடிந்தனர். 1967-இல் அந்தப் பழி நீக்கப்பட்டது. ஊர் திரும்பும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. எண்பதுகளின் இறுதியிலேதான் அவர்கள் பெருந்திரளாகத் திரும்ப முடிந்தது. அப்போது அவர்கள் வீடுகளிலே வேறு குடும்பங்கள்!

அந்தக் கடத்தலின்போது ஆறு மாதக் குழந்தையாக இருந்தவர் முஸ்தஃபா ஜெமிலேவ். சோவியத் சிறைகளிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கிடந்தவர். தம் மக்களின் தலைவரானவர். 2014-இல் அவர் கிரிமியாவுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்டார். பாலகனாய் ஒருமுறை, கிழவராய் ஒருமுறை, ஒரே மண்ணிலிருந்து இருமுறை விரட்டப்பட்டார்!

தாத்தார்களின் பேரவையான மெஜ்லிஸ், அந்த வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொன்னது. மார்ச் 3-ஆம் நாள், சிம்ஃபெரோபோலிலே தன்னந்தனியாக நின்று அமைதியாக எதிர்ப்புக் காட்டிய தாத்தார் ஒருவரை, சீருடையணிந்தோர் இழுத்துச் சென்றனர். மூன்று குழந்தைகளின் தந்தை அவர். வாக்கெடுப்புக்கு முதல் நாள், மார்ச் 15-இல், அவரது உடல் கிடைத்தது. இந்தச் சூழ்நிலையிலே எடுக்கப்பட்ட வாக்கைத்தான் மக்களின் தீர்ப்பு என்கிறார்கள்!

உரைகல் ஒன்று

"எப்படியும் பெரும்பான்மையோர் ருஷ்யாவுக்கே வாக்களித்திருப்பார்கள்" என்போர் உண்டு. இருக்கலாம். அப்படியானால் அவசரம் எதற்கு? முகமூடி எதற்கு? பெண்ணுக்குச் சம்மதமென்றால் ஊரறியப் பந்தல் போட்டு மணம் முடிக்கலாமே. இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு ஓடுவானேன்?

இதைவிடத் தெளிவான உரைகல் ஒன்று உண்டு. உண்மையான உரிமையை ஒருமுறை பயன்படுத்தினால் அது தீர்ந்துபோகாது. மார்ச் 16-இல் கிரிமியாவுக்குப் பிரியும் உரிமை இருந்ததென்றால், மார்ச் 19-இலும் இருக்க வேண்டுமல்லவா? என்ன ஆயிற்று? எந்த மாஸ்கோ மார்ச்சிலே பிரிவினைக்கு மாலை சூட்டியதோ, அதே மாஸ்கோவில், ருஷ்யாவின் எந்தப் பகுதியும் பிரிய வேண்டுமென்று பேசுவது குற்றம் என்னும் சட்டப்பிரிவு மே மாதத்திலே நடைமுறைக்கு வந்தது!

அந்தப் பிரிவு யார்மீது பாய்ந்தது? மெஜ்லிசின் துணைத் தலைவர்களில் ஒருவரான இல்மி உமேரவ் மீது! கான்களின் பழைய தலைநகரான பாக்சிசராய் வட்டாரத்தின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் அவர். கிரிமியாவை விட்டு ருஷ்யா வெளியேற வேண்டுமென்று தொலைக்காட்சிப் பேட்டியிலே பேசினார். 2016-இல் மூன்று வாரம் மனநோய் மருத்துவமனையிலே அடைத்துவைத்தார்கள். 2017 செப்டம்பரில் இரண்டாண்டுச் சிறை என்று தீர்ப்பு. அடுத்த மாதம் துருக்கிக்கு அனுப்பிவிட்டார்கள். மெஜ்லிசையே 2016-இல் தீவிரவாத அமைப்பு என்று தடை செய்தார்கள். உள்ளே வர ஒரு கதவு. வெளியே போகக் கதவே இல்லை. அதற்குப் பெயர் வீடா, கூண்டா?

மண்குடமும் பொன்குடமும்

2014 மார்ச் 27-இல் ஐ.நா. பொதுச்சபை இந்த வாக்கெடுப்பு செல்லாது என்றது. ஆதரவு 100, எதிர்ப்பு 11, நடுநிலை 58. அந்த ஐம்பத்தெட்டிலே இந்தியாவும் ஒன்று!

மேலைநாட்டார் நீதி பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றி 2003-இல் ஈராக்கின்மீது பாய்ந்தது யார்? சிரியாவின் கோலான் மேடு 1967-இல் கைப்பற்றப்பட்டு, 1981-இல் இஸ்ரேலின் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டதை 2019-இல் அங்கீகரித்தது யார்? அமெரிக்கா! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! "கொசோவோ பிரியலாம், கிரிமியா பிரியக்கூடாதா?" என்று புடின் கேட்டதற்குத் துணிவு தந்தது இந்த இரட்டை நாக்குத்தான். ஆயினும் ஒன்றை மறைத்தார் அவர். 2008-இல் பிரிந்த கொசோவோவை எந்த அண்டை நாடும் மறுநாள் மடியிலே கட்டிக்கொண்டு போகவில்லை!

கிரிமியாவோடு நின்றதா? ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனையே கடித்த கதையாயிற்று. 2022 பிப்ரவரி 24-இல் உக்ரேன் முழுவதன்மீதும் படையெடுப்பு. செப்டம்பர் 29-இல் கெர்சோன், சப்போரிஷியா என்ற இரு மாநிலங்களைச் 'சுதந்திர நாடுகள்' என்று அங்கீகரித்தார் புடின். செப்டம்பர் 30-இல் அவற்றையும், முன்பே அங்கீகரித்த தொனெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளையும் ருஷ்யாவுடன் இணைத்ததாக அறிவித்தார். மறுபடியும் ஒருநாள் விடுதலை! ஆனால் நவம்பர் 11-இல் கெர்சோன் நகரை விட்டு ருஷ்யப் படை வெளியேறியது. உள்ளே வந்த உக்ரேனிய வீரர்களை, அந்த நகரத்து மக்கள் தெருவிலே இறங்கிக் கட்டித் தழுவினார்கள், கண்ணீர் விட்டார்கள். ஆறு வாரத்துக்கு முன்புதான் இவர்களும் பெருவாரியாக ருஷ்யாவையே விரும்பி வாக்களித்தார்கள் என்று மாஸ்கோ முழங்கியிருந்தது!

தன்னுரிமை கேட்பவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது. பிரிவதா, சேர்வதா என்பதை மக்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் படை வெளியேறிய பிறகு கேளுங்கள். பேசவும் எழுதவும் கூடவும் காலம் கொடுத்துக் கேளுங்கள். சிறுபான்மையினரையும் கேளுங்கள். ஊரை விட்டு விரட்டப்பட்டவனையும் அழைத்து வந்து கேளுங்கள். வேண்டாம் என்பவன் குறியிடவும் சீட்டிலே இடம் வையுங்கள். அப்படிக் கேட்டு வரும் தீர்ப்பு எதுவாயினும் தலைவணங்குவோம். அண்டை நாட்டான் துப்பாக்கியோடு வந்து, "உனக்கு விடுதலை வாங்கித் தருகிறேன்" என்றால், முதலில் அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஐயா, மறுநாள் என்ன செய்வதாக உத்தேசம்?"