ஒரே பழம், இரண்டு சரக்கு

எங்கள் நாட்டு மருந்துக் கடைக்கு ஜாதிக்காய் கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் கைக்குழந்தைக்காரர்கள். உரை மருந்துக்கு ஒன்றே ஒன்று போதும் என்பார்கள். ஓட்டோடு இருக்கும் காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே பருப்பு கடகடக்கும். சத்தம் வராத காயில் ஈரம் இருக்கிறது; வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும்.

ஓட்டைச் சுற்றி வலைபோல் ஒட்டியிருப்பதுதான் ஜாதிபத்திரி. பழம் வெடிக்கும்போது ரத்தச் சிவப்பாக இருக்கும். காயக் காய மஞ்சள் தட்டும். எடைக்கு எடை பார்த்தால் காயைவிடப் பத்திரிதான் விலை.

வெற்றிலையோடு சேரும் பஞ்சவாசத்தில் ஜாதிக்காயும் ஒன்று. அவ்வளவு பழைய பழக்கம். ஆனால் காய் விளைந்தது இந்தோனேசியாவின் கிழக்கே, பாண்டா என்ற சின்னஞ்சிறு எரிமலைத் தீவுகளில் மட்டும். ஜாவா, மலாய் வணிகர்கள் அரிசியும் துணியும் கொடுத்துக் காயை வாங்கிப் போனார்கள். அந்தத் துணியில் குஜராத் சரக்கும் நம் சோழமண்டலக் கரைச் சரக்கும் உண்டு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டியதற்கு இந்தத் துணி ஒரு பெரிய காரணம். வாசனைத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடத் துணிக்குத்தான் மரியாதை.

போர்த்துகீசியர் 1511-ல் மலாக்காவைப் பிடித்து, மறு வருடமே பாண்டாவுக்குப் போய்விட்டார்கள். அவர்களால் வியாபாரம்தான் செய்ய முடிந்தது. 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது போதவில்லை. எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். தீவுக்காரர்கள் கேட்கவில்லை. அரிசி கொண்டுவரும் ஜாவாக்காரனுக்குக் காய் இல்லை என்று சொன்னால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இங்கிலாந்துக்காரர்களும் நல்ல விலை கொடுத்தார்கள்.

1621-ல் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கூலிக்கு வந்த ஜப்பானிய வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியது ஓராயிரம் அளவுதான். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அடிமைகளாகக் கப்பலேறினார்கள். நிலத்தை 68 தோட்டங்களாகக் கூறுபோட்டு, அடிமைகளைக் கொண்டுவந்து காய் பறிக்க வைத்தார்கள்.

இந்தக் கதையை விட்டுவிட்டு, பாண்டாவில் உள்ள ரன் என்ற ஒரு ஜாதிக்காய்த் தீவுக்காக டச்சுக்காரர்கள் மன்ஹாட்டனையே இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சுவாரசியமாகச் சொல்கிறார்கள். 1667 பிரெடா உடன்படிக்கையில் நடந்தது, அவரவர் பிடித்ததை அவரவரே வைத்துக்கொண்டதுதான். மன்ஹாட்டன் 1664-லேயே இங்கிலாந்தின் கைக்குப் போயிருந்தது. ரன் தீவில் டச்சுக்காரர்கள் ஜாதி மரங்களையே வெட்டிப் போட்டிருந்தார்கள்.

வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று காயைச் சுண்ணாம்பில் முக்கி அனுப்பினார்கள். காயை விழுங்கிப் பறக்கும் புறாவுக்கு யார் சுண்ணாம்பு பூசுவது? 1770-ல் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் ஏற்பாட்டில் நாற்றுகள் கள்ளத்தனமாக மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தன. பிறகு பாண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர் பினாங்குக்கும் இலங்கைக்கும் கன்று கொண்டுபோனார்கள். கரீபியனில் உள்ள கிரெனடா தன் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கிறது.

எங்கள் கடைக்கு இப்போது கேரளச் சரக்கு வருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளைவதும் வருகிறது. விதை போட்டு வளர்த்தால் ஆண் மரமா பெண் மரமா என்று தெரியவே ஆறேழு வருடம் ஆகும். பாதிக்குப் பாதி ஆண், காய்க்காது. அதனால் விவசாயிகள் ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குகிறார்கள்.